கொல்லைப்புறத்துச் சிரிப்பு

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 2019 மார்ச் 28 அன்று தொடங்கி, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பத்தாவது பகுதியோடு நின்றுபோன 'ஏபிஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பார்வையாளர்களிடையே எழுந்த கருத்து வேறுபாடுகளுள், கதையைப் பற்றியதையும் நடிப்பைப் பற்றியதையும் விட, அதில் கேட்ட சிரிப்பொலியைப் பற்றியதே ஆராயத்தக்கது. மாறாத ஓரிடத்தையும் மாறாத சில பாத்திரங்களையும் வைத்துக்கொண்டு, வாரந்தோறும் ஒரு சிக்கலைக் கிளப்பி அரை மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்துவைக்கும் தொடருக்குச் சூழல் நகைச்சுவை, அதாவது சிட்காம், என்று பெயர். இத்தொடரில் அந்தச் சூழல், கலிபோர்னியாவின் சான் டியகோ நகரில் ஒரு வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில் உரிமம் இல்லாமல் நடக்கும் மதுக்கூடம். மரைன் படையில் பணியாற்றித் திரும்பிய ஏபி என்ற பெண் அதை நடத்துகிறாள். நடாலி மொராலெஸ் ஏபியாக நடித்தார். வீட்டுக்காரம்மா இறந்துவிட, அவருடைய உறவினனான பில் வீட்டுக்கு உரிமையாளனாக வந்து நிற்பதில் கதை தொடங்குகிறது.

அங்கே கைபேசியை எடுக்கக் கூடாது. வாக்குவாதம் வந்தால் இணையத்தில் தேடி முடிவு காணாமல் வாயால் பேசியே தீர்த்துக்கொள்ள வேண்டும். மேடையோரத்து முக்காலியில் உட்கார விரும்புபவர் அந்த உரிமையைப் பழகிச் சம்பாதிக்க வேண்டும். இந்தச் சட்டதிட்டங்கள் பலருக்குப் பிடித்திருந்தன என்பதில் வியப்பில்லை. நாயகி இருபால் ஈர்ப்புடையவள் என்பதையும், கியூப வம்சாவளியைச் சேர்ந்தவள் என்பதையும் ஒரு பிரச்சினையாக்காமல் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கடந்த நிதானமும் பாராட்டைப் பெற்றது. குறைகூறியவர்கள் பெரும்பாலும் இரண்டையே சொன்னார்கள்: ஒன்று, இது 'சியர்ஸ்' தொடரின் நிழல் என்பது, மற்றொன்று, சிரிப்புச் சத்தம் காட்சியோடு ஒட்டவில்லை என்பது. இவ்விரண்டு குறைகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒரே வரலாற்றிலிருந்து பிறந்தவை.

1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடர், படிவரிசையில் அமர்ந்த பார்வையாளர்களுக்கு முன் நாடகம் போலவே நடிக்கப்பட்டு, ஒரே நேரத்தில் மூன்று கேமராக்களால் படமாக்கப்பட்டது. மல்டி கேமரா என்று வழங்கும் இம்முறையில் அரங்கத்தின் சிரிப்பு நிகழ்ச்சியின் ஓர் அங்கமாகவே பதிவாகும். அதே பத்தாண்டுகளில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர், ஒலிநாடாவில் பதிந்த பல்வகைச் சிரிப்புகளை விசைகளை அழுத்தி வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் எழுப்பும் ஒரு பெட்டியை உருவாக்க, யாரும் பார்த்திராத காட்சிகளுக்கும் சிரிப்பு கிடைக்கத் தொடங்கியது. அன்று முதல் தொலைக்காட்சிச் சிரிப்பு எதையும் பார்வையாளர் ஐயத்தோடு கேட்கலானார். 1982 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய 'சியர்ஸ்', பாஸ்டன் நகரத்து மதுக்கூடம் ஒன்றைக் களமாகக் கொண்டது. அதில் ஒலித்த சிரிப்பு மெய்யான பார்வையாளருடையதாக இருந்தும், அது மிகையாகவும் செயற்கையாகவும் கேட்கிறது என்று புகார்கள் வந்ததால், இது நேரடிப் பார்வையாளர் முன்னிலையில் படமாக்கப்பட்டது என்ற அறிவிப்பை நடிகர்களே குரல்கொடுத்துச் சொல்லும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது.

'ஏபிஸ்' தொடரும் அதே அறிவிப்பைச் செய்தது. வேறுபாடு என்னவென்றால், பார்வையாளர்கள் திறந்தவெளியில் அமர்ந்திருந்தார்கள் என்று அது சொன்னது. கூரையில்லாத இடத்தில் நேரடிப் பார்வையாளரை அமர்த்திப் படமெடுத்த முதல் மல்டி கேமரா சிட்காம் இது என்பதே தொடரின் பெரிய விளம்பரம். ஒரு காலத்தில் புகாருக்கு மறுமொழியாகப் பிறந்த வாசகம் இங்கே பெருமைப்பேச்சாக மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். மூடிய அரங்கில் எழும் சிரிப்பு சுவர்களில் பட்டுத் திரும்பித் திரண்டு ஒலிக்கும். திறந்தவெளியில் அது சிதறி, வேலிக்கு அப்பால் யாரோ சிரிப்பது போல மெலிந்து கேட்கும். மேலும், முன்பின் தெரியாதவர் எளிதில் நுழைய முடியாத ஓர் அந்தரங்க மூலை என்பதுதான் இந்த மதுக்கூடத்தின் கவர்ச்சியே. அங்கு நண்பர்கள் அடங்கிய குரலில் பேசிக்கொள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத கூட்டமொன்று சிரித்தால், அந்த அந்தரங்கம் குலைகிறது. தொழில்நுட்பப் புதுமை கதையின் இயல்புக்கு எதிராக வேலை செய்த இடம் இது. இதைச் சொன்ன பார்வையாளர்களைப் பழகாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பிரிட்டனில் 2003–04இல் பன்னிரண்டு பகுதிகளாக பி.பி.சி. ஒளிபரப்பிய 'எர்லி டோர்ஸ்', ஒரு சிறு மதுக்கடைக்குள்ளேயே அடங்கிய தொடராயினும், சிரிப்பொலி எதையும் சேர்க்காமல் அந்தத் தணிந்த பேச்சைக் காப்பாற்றிக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜாஷ் மல்முத் உருவாக்கிய 'ஏபிஸ்' தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் ஒருவர் மைக்கேல் ஷுர். 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்', 'தி குட் பிளேஸ்' என்று அவர் பெயரோடு இணைந்த தொடர்கள், அரங்கப் பார்வையாளரும் சிரிப்பொலியும் இல்லாமல் திரைப்படம் போலக் காட்சி காட்சியாக எடுக்கப்படும் சிங்கிள் கேமரா வகையைச் சேர்ந்தவை. அந்தப் பெயரை நம்பி வந்தவர்களுக்குச் சிரிப்பொலி பழைய காலத்து வழக்கமாகப் பட்டது. பழைய வழக்கத்தை விரும்பியவர்களோ 'சியர்ஸ்' இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டார்கள்.

தொடரை விரும்பியவர்கள் முன்வைத்த வாதம், அதற்குப் போதிய காலம் தரப்படவில்லை என்பது. மே மாதத்திலேயே, எல்லாப் பகுதிகளும் ஒளிபரப்பாகும் முன்பே, தொடர் நிறுத்தப்படும் செய்தி வெளியாகிவிட்டது. மாதிரிக் குடும்பங்களின் பார்வைப் பழக்கத்தை அளந்து நீல்சன் நிறுவனம் தரும் எண்ணிக்கையும், அதிலும் விளம்பரதாரர் பெரிதும் மதிக்கும் 18 முதல் 49 வயதுக்குட்பட்டோரின் பங்கும்தான் இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படை. முதல் ஒளிபரப்பின் வாரத்தில் 77 நிகழ்ச்சிகளில் 74ஆம் இடத்தில் கிடந்த 'சியர்ஸ்', 1993இல் தன் கடைசிப் பகுதிக்கு 8 கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளரை ஈர்த்ததாகக் கணிக்கப்பட்டதை அவர்கள் சான்று காட்டினார்கள்.

இந்தச் சான்று பாதிதான் செல்லும். 1982இல் என்.பி.சி. மூன்று பெரும் நிறுவனங்களுள் மூன்றாவதாகத் தேங்கியிருந்தது. 'சியர்ஸ்' தொடரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க அதனிடம் மேலான சரக்கு இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தத் தொடரைப் பார்த்தவர் குறைவே தவிர, பார்த்தும் பிடிக்காதவர் அதிகமில்லை. முதல் பருவத்துக்கே சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது அதற்குக் கிடைத்தது. காலம் அதற்குக் கொடுத்தது தரத்தை அன்று, கூட்டத்தை. வருங்காலக் கணவனால் கைவிடப்பட்டு, படித்த திமிரோடு மதுக்கூடத்துக்குள் வந்து அங்கேயே பரிமாறும் வேலைக்குச் சேரும் டயானுக்கும், பேஸ்பால் ஆட்டக்காரனாக இருந்து மதுக்கூட உரிமையாளனான சாமுக்கும் இடையிலான உரசல், முதல் நாளிலேயே பற்றவைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் எரியப் போதுமானதாக இருந்தது.

'ஏபிஸ்' தொடரில் அந்த உரசலுக்கு உரியவன் பில். வீட்டின் உரிமையாளன், சட்டத்துக்கு அஞ்சுபவன், வெளியாள் என்று மோதலுக்கு வேண்டிய எல்லாம் அவனிடம் உண்டு. அவன் நினைத்தால் கடையையே மூடிவிட முடியும். ஆனால், எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் விரைவில் நண்பராகிவிடுவார்கள் என்ற ஷுர் வகைத் தொடர்களின் கனிவு இங்கும் வந்து சேர்ந்ததால், முதல் பகுதி முடிவதற்குள் அவனும் கொல்லைப்புறத்துக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள ஆசைப்படுபவனாகிவிடுகிறான். மொராலெஸின் நடிப்புக்கு ஈடுகொடுக்கும் எதிராளி அதன்பின் இல்லை. பத்துப் பகுதிகள் போதவில்லை என்று வருந்தியவர்களின் ஏக்கம் உண்மையானதே; எனினும், இரண்டாவது பருவம் கிடைத்திருந்தால், எழுத்தாளர்கள் முதல் வேலையாகப் பில்லுக்கு அவனுடைய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.