இறந்த யந்திரம் பேசுமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்)

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, கல்லூரிக் கணிப்பொறி அறையில் நானும் என் நண்பனும் உட்கார்ந்திருந்தோம். திரை முழுதும் வெறும் வெள்ளை. அதன் அடியில் ஒரு நிறுவனத்தின் பெயரும் 1982 என்ற ஆண்டும் மட்டும் தெரிந்தன. அவ்வழியே வந்த மூத்த விரிவுரையாளர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னப்பா இது?"

"ஸ்பெக்ட்ரம் சார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர். இந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே அது ஓடுகிறது."

அவர் சிரித்தார். "கார் வாங்கி அதற்குள்ளே கட்டை வண்டி ஓட்டுகிறீர்களா? பாடத்தைப் படியுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிரியரிடம் உடனுக்குடன் பதில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னால், அன்று என்னிடம் பதிலும் இல்லை. இந்தக் கட்டுரையைத் தாமதமாக வந்த பதிலாக அவர் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

கணிப்பொறி என்றால் குளிரூட்டிய அறையில் பூட்டி வைக்கப்பட்ட பெரும்பொருள் என்று உலகம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அதை வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தவர்களுள் பிரிட்டனின் கிளைவ் சிங்க்ளேரை மறக்க இயலாது. 1981இல் அவர் நிறுவனம் விற்ற இசட்எக்ஸ்81, பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக் கொண்டால் 49.95 பவுண்டுதான். அதன் நினைவகம் 1 கிலோபைட். இக்கட்டுரையின் ஒரு பத்தி அதில் அடங்குவதே கடினம்! அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் வந்தது. 48 கிலோபைட் நினைவகம் உள்ளது 175 பவுண்டு. ரப்பர் பொத்தான்கள் நாற்பது. வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை; வீட்டு டேப் ரிக்கார்டரே அதன் சேமிப்புக் கிடங்கு. 1981 டிசம்பரில் ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ வெளியாகியிருந்தது. கணிப்பொறி அறிவை மக்களிடம் பரப்ப வேண்டும் என்று பிபிசி ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கிய இயக்கத்துக்காக உருவான யந்திரம் அது. அமெரிக்காவில் 1982இல் கமடோர் 64 வந்தது.

இவற்றை இயக்கினால் படங்கள் வரா; பட்டியல்கள் வரா. ஒரு வெற்றுத் திரை, 'நீ என்ன சொல்லப் போகிறாய்?' என்று கேட்பது போல் காத்திருக்கும். கட்டளை எழுதத் தெரியாதவனுக்கு அது வெறும் பெட்டி. ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள்கூட எழுதக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக நிரல்களை அச்சிட்டன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். நெதர்லாந்தில் வானொலியிலேயே நிரல்களை ஒலியாக ஒலிபரப்பினார்கள். அதை நாடாவில் பதிவு செய்து கணிப்பொறிக்கு ஊட்ட வேண்டியதுதான். 48 கிலோபைட் நிரல் ஒன்று நாடாவிலிருந்து ஏறி முடிய நான்கைந்து நிமிடங்கள் கீச்சென்ற ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடைசி விநாடியில் பிழை வந்தால் நாடாவைச் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து!

எமுலேட்டர் என்பது இத்தகைய பழைய கணிப்பொறி ஒன்றைப் போல் அப்படியே நடந்துகொள்ளும் நிரலாகும். ஏதோ மாயவித்தை போல் தோன்றும். உட்புகுந்து பார்த்தால் மிக எளிது. ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட்80 என்னும் செயலி. அதன் நினைவகத்தில் 62, 5 என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருந்தால், 'ஏ என்ற பதிவகத்தில் 5ஐ வை' என்று பொருள். இதைச் செய்ய அது 7 துடிப்புக் காலம் எடுத்துக்கொள்ளும். அடுத்து 60 இருந்தால், 'ஏயில் உள்ளதோடு ஒன்றைக் கூட்டு'. இதற்கு 4 துடிப்புகள். விநாடிக்கு 35 லட்சம் துடிப்புகள். எமுலேட்டர் எழுதுபவன் செய்ய வேண்டியது இவ்வளவே: ஓர் எண்ணைப் படி, அதன் பொருளை நிறைவேற்று, துடிப்புகளைக் கணக்கில் சேர், அடுத்த எண்ணுக்குப் போ. விடாமல் இதைச் செய்துகொண்டே இருந்தால், எங்கோ 1982இல் வடிவமைத்த யந்திரம் நம் அறையில் கண்விழிக்கிறது.

எளிது என்றேன். எளிது என்பது உண்மை. ஆனால் சரியாகச் செய்வது எளிதன்று.

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவன் கவனக்குறைவால் செய்த பிழையைவிட, 'இது பிழை' என்று தானே முடிவு செய்துகொண்டு திருத்திய திருத்தம்தான் மூலத்துக்குப் பெருங்கேடு செய்தது. எமுலேட்டருக்கும் இதே சோதனை உண்டு. ஸ்பெக்ட்ரத்தின் திரை 256க்கு 192 புள்ளிகள் கொண்டது. ஆனால் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே நிறங்கள்தாம் இருக்க முடியும். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது. திரை முழுவதும் 6912 பைட்டுக்குள் அடங்கிவிட்டது. விளைவு என்ன? சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தைக் கடந்தால் மரத்தின் ஒரு பகுதி சிவந்துவிடும். அக்காலத்து விளையாட்டு நிரலாளர்கள் இக்குறையை மறைக்க எத்தனையோ தந்திரங்கள் செய்தார்கள். சிலர் ஒரே நிறத்தில் முழு விளையாட்டையும் வரைந்தார்கள். எமுலேட்டர் எழுதும் நாம் அந்தக் குறையைப் போக்கிவிட்டால், அவர்களின் திறமைக்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. மரம் சிவக்கத்தான் வேண்டும்.

இன்னும் நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு. 1984இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் இருவர், டேவிட் பிராபென், இயன் பெல் என்போர், பிபிசி மைக்ரோவுக்காக 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினர். நம்மைப் போன்ற மாணவர்கள்! அதில் எட்டு விண்மீன் மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 உலகங்கள். அவற்றின் பெயர், ஆட்சிமுறை, வணிகப் பொருள்களின் விலை எல்லாம் உண்டு. 32 கிலோபைட் நினைவகத்தில் 2048 உலகங்களை எங்கே வைப்பது? அவர்கள் வைக்கவே இல்லை. சில எண்களிலிருந்து தொடங்கி, கூட்டல் தொடர் ஒன்றால் அவ்வுலகங்களை வேண்டும்போதெல்லாம் பிறப்பித்தார்கள். திரையிலும் ஒரு சாகசம் செய்தார்கள். மேற்பகுதி நுண்ணிய கறுப்பு வெள்ளை, கீழ்ப்பகுதி வண்ணம். தொலைக்காட்சியில் படம் மேலிருந்து கீழாக வரையப்படும்போது பாதி வழியில் திரைமுறையை மாற்றிவிடுவது, அதுவும் ஒவ்வொரு படத்துக்கும்! எமுலேட்டரின் காலக்கணக்கு சற்றே பிசகினாலும் திரை குலைந்துவிடும். இப்படிப்பட்ட ஒரு படைப்பைப் புகைப்படம் எடுத்து வைத்தால் போதுமா? அதைப் பற்றி ஒரு நூல் எழுதினால் போதுமா? ஓடினால்தான் அது இருக்கிறது, ஓடாவிட்டால் இல்லை.

"அருங்காட்சியகத்தில் யந்திரத்தையே வைத்திருக்கிறார்களே" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் அப்படியொரு கணிப்பொறி அருங்காட்சியகம் உண்டு. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் யந்திரங்களுக்கும் முதுமை உண்டு. மின்தேக்கிகள் கசிகின்றன, காந்த நாடாவின் பூச்சு உதிர்கிறது. 1976இல் வந்த இசட்80 செயலியை ஏறக்குறைய அரை நூற்றாண்டு விடாமல் செய்து விற்ற சைலாக் நிறுவனம், அதன் மூல வகையை நிறுத்தப் போவதாக 2024இல் அறிவித்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை நாம் பார்க்கலாம். அதனோடு பேச முடியாது.

இவ்விஷயத்தில் என் மனத்தை முற்றிலும் மாற்றியது ஒரு வரலாறு. இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் மன்னன் தன் நாட்டின் நிலம், ஏர், கால்நடை அனைத்தையும் கணக்கெடுக்கச் செய்து 1086இல் உருவான பதிவேட்டுக்கு டூம்ஸ்டே நூல் என்று பெயர். தோலில் லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1986இல் பிபிசி நிறுவனம் ஒரு புதிய டூம்ஸ்டேயைத் தயாரித்தது. நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தத்தம் ஊரைப் பற்றி எழுதினார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் லேசர் தட்டுகளில் பதித்தார்கள். அதைப் படிக்க ஏக்கார்ன் கணிப்பொறியும் அதற்கென்றே செய்த பிலிப்ஸ் தட்டு யந்திரமும் வேண்டும். விலையோ பல பள்ளிகளால் எட்ட முடியாதது.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. தட்டு யந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. 2002 வாக்கில் நிலைமை என்ன தெரியுமா? 900 ஆண்டுக்கு முந்திய தோல் நூலை லத்தீன் அறிந்த எவரும் படிக்கலாம். 1986இல் ஒரு பள்ளிச் சிறுமி தன் தெருவைப் பற்றி எழுதியதைப் படிக்க, வேலை செய்யும் யந்திரத்தைத் தேடி அலைய வேண்டும்! இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. செலவைப் பார்க்காமல், நல்ல எண்ணத்தோடு, திறமைசாலிகள் செய்த வேலைக்கே இக்கதி.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுத் திட்டம் ஒன்று 2002இல் அதை எமுலேட்டர் வழியாக மீண்டும் ஓடச் செய்தது. அவர்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. பிபிசி மைக்ரோவின் மீது கொண்ட பிரியத்தால், சம்பளம் எதுவும் இல்லாமல், ஆர்வலர்கள் முன்பே எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த எமுலேட்டர் ஒன்றின் மேல்தான் கட்டினார்கள். கட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சிலர் இல்லாதிருந்தால் பல்கலைக்கழகங்களின் வேலை எவ்வளவு கடினமாகியிருக்கும்! பின்னர் 2011இல் பிபிசியே அத்தொகுப்பின் ஒரு பகுதியை எல்லாரும் பார்க்கும்படி வலையில் வைத்தது. 2018இல் அதுவும் மூடப்பட்டு, பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் சேர்ந்தது. ஒருமுறை காப்பாற்றினால் போதாது போலும்.

இனி சட்டச் சிக்கலுக்கு வருவோம். எமுலேட்டர் ஓட வேண்டுமானால் பழைய யந்திரத்தின் நிலைநினைவகத்தில் இருந்த நிரல் வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் அது 16 கிலோபைட். அதற்கும் விளையாட்டு நிரல்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு. உரிமையை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உழைத்தவனுக்கு உரிமை வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டு. நம் நாட்டில் 60. 1983இல் இருபது வயது பிரிட்டன் இளைஞன் ஒருவன் எழுதிய நிரல், அவன் எண்பது வயதுவரை வாழ்ந்தால், 2113 முடிய உரிமைக்கு உட்பட்டது. அதுவரை எந்த நாடா பிழைத்திருக்கும்? அந்நிறுவனங்களில் பல மூடி மறைந்தே போய்விட்டன. யாரிடம் அனுமதி கேட்பது என்பதே தெரியாத நிரல்கள் ஏராளம்.

இதில் நேர்மையான வழி ஒன்றை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் காட்டியது. 1986இல் சிங்க்ளேரின் கணிப்பொறித் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய நிறுவனம் அது. 1999இல், 'உரிமை எங்களுடையதே; உரிமை அறிவிப்பை மாற்றாமல் எமுலேட்டரோடு சேர்த்து வழங்கிக்கொள்ளுங்கள்' என்று இசைவு தந்தது. அதனால் அதற்கு ஒரு காசு நஷ்டமில்லை, ஸ்பெக்ட்ரம் பிழைத்தது. வேறு சில நிறுவனங்களோ தாமும் விற்கவில்லை, பிறர் வழங்கவும் விடவில்லை. விற்பவன் தடுத்தால் நியாயம் உண்டு. விற்கவும் மாட்டேன், வைத்துக் காக்கவும் மாட்டேன், காப்பவனையும் விட மாட்டேன் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? நூலகங்களும் கல்லூரிகளும் இத்தகைய நிரல்களைப் படியெடுத்துக் காக்கவும், மாணவர்களுக்கு ஓட்டிக் காட்டவும் எல்லா நாட்டுச் சட்டங்களும் தெளிவாக இடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

இது வெள்ளைக்காரர்களின் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1984இல் இந்திய அரசு பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இதே பிபிசி மைக்ரோதான். நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் தொட்ட கணிப்பொறி அது. அவர்கள் எழுதிய சிறு நிரல்களுள் சில இன்னும் ஏதாவது பள்ளி அலமாரியில், பழுப்பேறிய உறைக்குள் இருக்கக்கூடும். அப்படியொரு தட்டை வைத்திருக்கும் ஆசிரியரோ பெற்றோரோ இம்மலரைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து அதைக் குப்பையில் போட வேண்டாம். படிக்கும் யந்திரம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். அதற்குத்தான் ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

விரிவுரையாளர் ஐயாவுக்கு ஒன்று மட்டும் கூற விழைகிறேன். பாடத்தைப் படிக்கச் சொன்னீர்கள். இன்றைய கணிப்பொறியின் உள்ளே நடப்பதை முழுவதும் அறிந்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியுமா? ஸ்பெக்ட்ரத்தை ஒரு மாணவன் ஓர் ஆண்டில் முழுவதும் அறிந்துவிடலாம். பதிவகம், நினைவகம், துடிப்பு என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்தவை எல்லாம், நானே ஒரு எமுலேட்டர் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கின.

அந்த எமுலேட்டர் இன்னும் முடியவில்லை. டிஏஏ என்று ஒரு கட்டளை. பதின்ம எண்களைக் கூட்டிக் கழித்தபின் விடையைச் சீர்செய்வது. கூட்டலுக்குச் சரியாக வருகிறது, கழித்தலுக்குத் தவறுகிறது. மூன்று வாரமாகப் பார்க்கிறேன், பிழை பிடிபடவில்லை. கணிதத் துறை நண்பர்கள் யாரேனும் சனிக்கிழமை பிற்பகல் கணிப்பொறி அறைக்கு வந்தால் நன்றியுடையவனாவேன்.