மோதிப் பார்! ரெய்ண்டீர் லைக்கன் வெர்சஸ் லாப்ரடார் டீ

லாப்ரடார்னா நாய் மட்டும்தான் ஞாபகம் வருதா? அது கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற குளிர்ப் பிரதேசம் பாஸ். நாய்க்கே பேர் அங்கேருந்துதான் வந்துச்சு. அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரைத்தான் இந்த வாரம் மோதவிடப் போறோம்.

இந்தப் பக்கம் ரெய்ண்டீர் லைக்கன். பிரியாணியில் போடுற கல்பாசிக்குத் தூரத்துச் சொந்தம். சாம்பல் வெள்ளையில், பஞ்சு மெத்தை மாதிரி தரையில் படர்ந்திருக்கும். அந்தப் பக்கம் லாப்ரடார் டீ. சதுப்பு நிலத்துப் புதர். கொத்துக் கொத்தா வெள்ளைப் பூ. இலையைத் திருப்பினா துரு நிறத்தில் ரோமம். அங்கத்திய பழங்குடி மக்கள் இலையைக் கொதிக்க வச்சு டீ குடிப்பாங்க. அளவு மீறினா விஷம்!

ரவுண்டு 1: சாப்பாடு

லைக்கன் ஒரே உயிர் இல்லை. பூஞ்சையும் ஆல்காவும் நடத்துற கூட்டுக் குடித்தனம். வீடு பூஞ்சையோடது, சமையல் ஆல்காவோடது. வேரே கிடையாது. மழையிலும் காற்றிலும் வர்றதுதான் சத்து. புதருக்கு வேர் உண்டு. ஆனா அமில மண்ணில் சத்து கம்மி. அதனால வேருக்குள்ளேயே ஒரு பூஞ்சையைக் குடிவச்சிருக்கு. அது சத்தை உறிஞ்சித் தரும், செடி பதிலுக்கு சர்க்கரை தரும். ஆக, ரெண்டு பேர் பொழப்பும் பூஞ்சை தயவில்தான். மேட்ச் டிரா!

ரவுண்டு 2: காட்டுத் தீ

மேலே எரிஞ்சாலும், மண்ணுக்குள்ளே தண்டு தப்பிச்சா புதர் மறுபடி துளிர்த்துடும். காய்ஞ்ச லைக்கன் காகிதம் மாதிரி எரிஞ்சுபோகும். வருஷத்துக்கு வளர்றதே சில மில்லிமீட்டர்தான். பழைய மெத்தை திரும்ப வர பல பத்து வருஷம் ஆகும். வின்னர், டீ!

ரவுண்டு 3: யாருக்கு உபயோகம்?

ரெய்ண்டீருக்குக் கனடாவில் காரிபூன்னு பேர். குளிர்காலத்தில் அது பனியைக் குளம்பால் தோண்டித் தின்பது பெரும்பாலும் லைக்கனைத்தான். டீ புதரை அவ்வளவா சீண்டாது. வின்னர், லைக்கன்!

ஸ்கோர் சமம். ஆனா நிஜ மேட்ச்ல அம்பயர் மாறிட்டார். பூமி சூடாக ஆக, வடக்கே பல இடங்களில் புதர்கள் பெருகுது. அதோட நிழலில் லைக்கன் குறையுது. லாப்ரடார் பக்கம் ஜார்ஜ் ரிவர்னு ஒரு காரிபூ கூட்டம். 1990-களின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கும் மேல் இருந்துச்சு. 2018 கணக்கெடுப்பில் சுமார் 5,500தான்! இதுக்கு லைக்கன் மட்டும் காரணம் இல்லை, பல காரணங்கள் உண்டு. ஆனா மிச்சமிருக்கிற கூட்டம் தேறணும்னா, பனிக்கடியில் சாப்பாடு இருக்கணுமே!

வேகமா வளர்றவனுக்குத்தான் எப்பவும் கைதட்டல். என் ஓட்டு மெதுவா வளர்ந்து ஒரு கூட்டத்துக்கே சோறு போடுறவனுக்கு. உங்க ஓட்டு?