வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்... பிரேக்குக்கு ஆகுமா?



'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று நம்மூரில் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் சரியான டூல் கையில் சிக்காதபோது நாமும் இதைச் சொல்லித்தான் சமாளிக்கிறோம். ஆனால் வீட்டு வாசலில் வைத்து டிரம் பிரேக்கைப் பிரிக்கிறவர்கள் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் ஏற்காடு மலைமேல் இருக்கும் மாரமங்கலம். சேலத்துக்கு வர வேண்டும் என்றால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். ஏற்காடு - சேலம் பாதையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் சுமார் 300 மீட்டர். ஆளும் மூட்டையுமாக 1,500 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று இந்த 1,200 மீட்டர் இறங்கினால் எவ்வளவு சக்தி வெளியாகும்? முதல் வருஷப் பிசிக்ஸ்தான், போட்டுப் பாருங்கள். சுமார் 17.6 மெகாஜூல் வரும். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இதுவே தாராளம்! இஞ்சினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் டிரம்முக்குள்தான் வெப்பமாக இறங்குகிறது.

டிரம் சூடானால் விரியும். 10 அங்குல வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிடும். ஷூ அதைத் துரத்திப் போய்த் தொட வேண்டும். அதற்குள் பெடல் கீழே போய்விடும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். "ஏறின கியர்லயே இறங்குடா" என்று மலைக்காரப் பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். அட்ஜஸ்ட்மென்ட் ஏற்கனவே தளர்ந்திருந்தால், ஸ்பிரிங் நெளிந்திருந்தால், அந்த அரை மில்லிமீட்டர் நம்மைச் சும்மா விடுமா?

இப்போது டூல் விஷயத்துக்கு வருவோம். "அட போடா, எங்க மெக்கானிக் அண்ணன் ஒரே ஸ்குரூடிரைவர்ல எல்லாத்தையும் முடிக்கிறாரு" என்பார்கள் நண்பர்கள். அந்த அண்ணனை நான் மதிக்கிறேன். அவர் கைக்கு அந்த ஸ்பிரிங் எங்கே எகிறும் என்று தெரியும். லீவில் ஊருக்குப் போய் வருஷத்துக்கு ஒருமுறை ஜீப்பைப் பிரிக்கும் நம் கைக்குத் தெரியாது. ரிட்டர்ன் ஸ்பிரிங்கை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ஒன்று கண்ணுக்கு வரும், இல்லை லைனிங்கைக் கீறும், இல்லை ஸ்பிரிங்கின் கொக்கி நெளியும். கண்ணில் பட்டால் உடனே தெரிந்துவிடும். கொக்கி நெளிந்தது மலை இறங்கும்போதுதான் தெரியும். பிரேக் ஸ்பிரிங் பிளையர் இருந்தால் இந்த மூன்றும் இல்லை.

டிரம் கழற்றுவதும் அப்படியே. சில பழைய ஜீப்புகளில் பின் டிரம் டேப்பர் ஆக்ஸிலில் இறுகி உட்கார்ந்திருக்கும். புல்லர் போட்டால் அடங்கி வரும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். வீல் சிலிண்டர் பைப்பின் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கி வழுக்கும். ஃபிளேர் நட் ஸ்பேனர் ஆறு பக்கத்தில் ஐந்தைப் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் கழுவும் பெட்ரோல், மண்ணெண்ணெயால் சிலிண்டரின் ரப்பர் கப்பைக் கழுவவே கூடாது. ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயில்தான் அதற்கு.

எல்லாவற்றுக்கும் தனி டூல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பைக்கின் ஷூ இரண்டையும் புத்தகம் மூடுவதுபோல் கையால் மடித்தாலே வெளியே வந்துவிடும். 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு 2019 முதல் கூட்டு பிரேக் முறை கட்டாயமாகிவிட்டாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் பின் சக்கரத்தில் இன்றும் டிரம்தான். அதற்கு அவசியமானது அளவு பார்க்கும் பழக்கம். பல டிரம்களில் அதிகபட்ச உள்விட்டம் பொறித்தே இருக்கும். லேபில் மார்க்குக்காகப் பிடித்த வெர்னியரை வீட்டு டிரம்மில் வைத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானதுதான். ஸ்பிரிங் இழுக்கும் கொக்கியை ஸ்மிதியில் நாமே அடித்துக்கொள்ளலாம். புல்லரை ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு பயிற்சியாகவே செய்யலாம். ஆனால் நாமாகச் செய்து பார்க்கக் கூடாத ஒன்று உண்டு. அது வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட். செங்கல் அடுக்கி அதன் மேல் ஜீப்பை நிறுத்துகிற வழக்கம் மலையில் மட்டுமில்லை, சமவெளியிலும் இருக்கிறது. செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது. அதேபோல டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், ஏர் அடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அது நுரையீரலுக்குப் புற்றுநோய் தரும் பொருள். முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். இந்த டூலுக்கு விலை ஒரு பழைய துணி!

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஒரு பிரேக் ஸ்பிரிங் பிளையர், ஃபிளேர் நட் ஸ்பேனர் செட், ஒரு புல்லர், ஒரு ஜோடி ஆக்ஸில் ஸ்டாண்ட் - இவற்றைச் சங்க நிதியில் வாங்கி ஒரு பெட்டியில் வைப்போம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், திங்கட்கிழமை துடைத்துத் திருப்பித் தரலாம். தொலைத்தால் தொலைத்தவரே வாங்கி வைக்கட்டும். ஆண்டு விழாவின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலே பெட்டி நிறையும்.

தனியாக ஒருவன் வாங்கினால் அது வருஷம் முழுக்கப் பரணில் கிடக்கும். சேர்ந்து வாங்கினால் மலையிலும் கீழேயும் பல வீட்டு வண்டிகள் ஒழுங்காக நிற்கும். அடுத்த பொதுக்குழுவில் இதை நான் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். கை தூக்க நீங்கள் வர வேண்டும்!