ஒரே நாற்காலியைப் போட்டவன் எங்கே?

'ஃபேர் பிளே' என்று ஓர் அமெரிக்கப் படம். 'நியாயமான ஆட்டம்' என்று அதற்குப் பொருள். எழுதி இயக்கியவர் குளோயி டோமாண்ட் என்ற பெண்மணி. 2023 ஜனவரியில் சண்டான்ஸ் படவிழாவில் காட்டப்பட்டது. நெட்பிளிக்ஸ் கம்பெனி 2 கோடி டாலருக்கு அதை வாங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டு அக்டோபரில் வீட்டிலிருந்தே பார்க்கும்படி வெளியிட்டது.

ஆட்டம் நியாயமானதுதானா? பார்ப்போம்.

நியூயார்க் நகரத்தில் ஒரு ஹெட்ஜ் பண்ட் கம்பெனி. அதாவது, பெரும் பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி, எந்தப் பங்கின் விலை ஏறும், எது விழும் என்று பந்தயம் கட்டிக் கொழுக்கும் கம்பெனி. அங்கே ஒரு நூல் நூற்பதில்லை. ஒரு படி நெல் விளைவதில்லை. எமிலி, லூக் என்ற இருவர் அங்கே ஒரே வேலை பார்க்கிறார்கள். இருவரும் காதலர்கள், கல்யாணம் செய்துகொள்வதாகவும் நிச்சயித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஊழியர்கள் தங்களுக்குள் காதலிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆகவே ஒரே வீட்டில் வாழ்கிற இருவரும் ஆபீசில் அந்நியர்களாக நடிக்கிறார்கள்.

ஒரு மானேஜர் வேலையிலிருந்து விரட்டப்படுகிறான். நாற்காலி காலி. லூக்குக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு. எஜமானன் காம்ப்பெல் நள்ளிரவுக்கு மேல் எமிலியைக் கூப்பிட்டனுப்பி, பதவியை அவளுக்குக் கொடுக்கிறான். லூக் அவளுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதாகிறது. அன்று முதல் வீடு நரகமாகிறது. அவள் எப்படிப் பதவி பெற்றாள் என்று சந்தேகப்படுகிறான். அவன் சொன்ன யோசனையால் கம்பெனிக்கு 2½ கோடி டாலர் நஷ்டம். வசவு வாங்குகிறவள் எமிலி. பின்பு அவன் எஜமானன் முன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். அவனுக்கும் பதவி இல்லை, வெளியாள் ஒருவனுக்குப் போகிறது. கடைசியில், நிறுத்து என்று அவள் சொல்லியும் கேளாமல் அவளைப் பலாத்காரம் செய்கிறான். முடிவில் அவள் கத்தியை எடுத்து அவனைக் கீறி, மன்னிப்புக் கேட்க வைத்து, சிந்திய ரத்தத்தைத் துடைத்துவிட்டு வெளியே போ என்கிறாள். படம் முடிகிறது.

லூக் செய்தது குற்றம். பதவி போன துக்கம், ஆண்மைக்கு வந்த இழுக்கு என்று எந்தச் சமாதானமும் அதற்குக் கிடையாது. இதை நாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறோம். ஏனெனில் இந்த நோய் நியூயார்க் ஆபீஸோடு நிற்பதல்ல. பெண்டாட்டி கைக்கு நம்மைவிட நாலு காசு கூட வந்தால் முகம் சுளிக்கிறவன் தொழிலாளிகளிலும் உண்டு. அமெரிக்காவில் சம வேலைக்குச் சம கூலி என்று சட்டம் வந்தது 1963-ல். சட்டம் வந்து 60 ஆண்டு கழித்து வெளிவந்த படத்திலும், பெண் மேலே போனால் ஆணுக்குப் பொறுக்கவில்லை. படம் இதை மூடிமறைக்காமல் காட்டியதைப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கத்தி வெட்டும்போது காம்ப்பெல் எங்கே?

அவன் தன் நாற்காலியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறான்! அவன் மேல் ஒரு கீறல் இல்லை. இரண்டு பேருக்கு நடுவே ஒரே நாற்காலியைப் போட்டவன் அவன். காதலுக்குத் தடை விதித்தது அவன் கம்பெனி. ஆபீசில் தலைநிமிர்ந்து நானும் இவளும் ஒன்று என்று சொல்ல முடியாதவர்கள், அநியாயம் வந்தபோது மட்டும் எப்படி ஒன்றாக நின்று கேட்பார்கள்? லாபம் கொட்டினால் எமிலியைத் தட்டிக் கொடுக்கிறான். நஷ்டம் வந்தால் பெண் என்றும் பாராமல் அசிங்கமாக ஏசுகிறான். அவள் லாபம் தேடித் தருகிறவரையில் அவளுடைய வீட்டில் என்ன நடந்தது என்பது அவனுக்கு அக்கறையே இல்லை. இப்படிப்பட்டவன் தப்பித்துக்கொள்ள, இது ஆணுக்கும் பெண்ணுக்கும் நடந்த போர் என்று பேசுகிறார்கள்!

எந்த மில்லிலும் இதுதான் வித்தை. ஒரு மேஸ்திரி வேலை காலியானால் பத்துப் பேர் காதிலும் "உனக்குத்தான்" என்று ஓதுவார்கள். பத்துப் பேரும் ஒருவரையொருவர் வேவு பார்ப்பார்கள். நிர்வாகத்துக்குப் பத்துக் கங்காணிகள் சம்பளமில்லாமல் கிடைத்துவிடுவார்கள்.

படத்தில் இல்லாத ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்தப் படம் வெளியான 2023 அக்டோபரில் ஹாலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மே 2-ல் கதாசிரியர்கள் வேலையை நிறுத்தி 148 நாள் நின்றார்கள். ஜூலை 14-ல் நடிகர்களும் இறங்கி 118 நாள் நின்றார்கள். இரு சங்கமும் ஒரே காலத்தில் வேலைநிறுத்தம் செய்தது 1960-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. எதிரில் நின்ற முதலாளிகள் சங்கத்தில் நெட்பிளிக்ஸும் ஒன்று.

திரைத்தொழிலைவிடப் போட்டி மிகுந்த தொழில் ஏது? ஒரு வேஷத்துக்கு நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆயினும் ஆணும் பெண்ணும், பேர்பெற்ற நட்சத்திரமும் அன்றாடக் கூலிக்குக் கும்பலில் நிற்கும் துணை நடிகரும், வாசலில் ஒரே அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். பலன் என்ன? ஒரு தொடருக்குக் குறைந்தது இத்தனை கதாசிரியர்களை வைத்தாக வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. நடிகரின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் அவர் சம்மதமும் வேண்டும், கூலியும் வேண்டும் என்றாயிற்று. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, கிடைத்தது ஒன்றாக நின்றதால் கிடைத்தது.

கவனியுங்கள்! காம்ப்பெல் முன் லூக் தனியாக மண்டியிட்டான், ஒன்றும் கிடைக்கவில்லை. எமிலி தனியாக உயர்ந்தாள், நிம்மதி கிடைக்கவில்லை.

படத்தைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவனா, அவளா என்று வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம். வீட்டில் பெண்ணின் மேல் கை ஓங்குகிறவனைத் தடுப்போம். தொழிற்சாலையில் நம்மை மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவனை அடையாளம் காண்போம். ஒரே நாற்காலியைப் போட்டவன் எங்கே என்று கேட்போம்!