பழைய சைக்கிளுக்குப் பெயிண்டு மட்டும் போதுமா?

தாத்தா ஓட்டிய சைக்கிளை வெளியே எடுத்து, மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான்.

மாட்டுக் கொட்டகையில் கிடந்த 'ராலே' வண்டிகள் வெளியே வருகின்றன. துருவைத் தேய்க்கிறார்கள். கறுப்புப் பெயிண்டு அடிக்கிறார்கள். கைப்பிடிக்கு முலாம் பூசுகிறார்கள். புது டயர், புது சீட்டு எல்லாம் ஆகிறது. வண்டி கல்யாண மாப்பிள்ளை போல நிற்கிறது!

ஏறி மிதித்தால், "கடக், கடக்" என்று சத்தம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? இரண்டு பெடல்களுக்கும் நடுவே ஒரு சிறிய இரும்புக் கூடு இருக்கிறது. சீட்டிலிருந்து இறங்கும் குழாயும், முன்பக்கத்திலிருந்து சரிந்து வரும் குழாயும், பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்களும் அங்கேதான் சேருகின்றன. சைக்கிள் கடைகளில் அதற்கு 'பி.பி.' என்று பெயர். மிதிக்கிறவரின் பலம் முழுவதும் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது.

அதைத் திறந்துகூடப் பாராமல் பெயிண்டுக்குப் பணத்தைக் கொட்டுவது, அஸ்திவாரம் ஆடுகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது. முதல் செலவு பி.பி.க்கு. பெயிண்டு அதன் பிறகுதான்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. பெயிண்டு அடித்த பிறகு கூட்டைத் திறந்தால், ஸ்பானர் வழுக்கிப் புதுப் பெயிண்டைச் சுரண்டிவிடும். முதலில் கூட்டைச் சரி பார்த்து, அதன் இரண்டு வாய்களையும் துணியால் அடைத்து, பிறகு பெயிண்டு அடிப்பவரிடம் கொடுப்பதே முறை.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு அச்சு. வலப்புறம் ஒரு கப், இடப்புறம் ஒரு கப். ஒவ்வொரு கப்பிலும் கால் அங்குலக் குண்டுகள் 11. ஆக மொத்தம் 22 குண்டுகள். இவ்வளவுதான்!

வண்டி வருஷக் கணக்கில் சும்மா நின்றால், கிரீஸ் காய்ந்து மெழுகு போல ஆகிவிடும். சீட்டுக் குழாய் வழியாக மழைத் தண்ணீரும் இறங்கும். குண்டு நின்ற இடத்தில் துரு பிடித்து, அச்சிலும் கப்பிலும் சிறு சிறு பள்ளங்கள் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குண்டு அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் உண்மை தெரிந்துவிடும். குண்டு ஓடிய தடம் கண்ணாடிக் கோடு போல மின்னினால் அந்தச் சாமான் நல்லது. நகத்தால் தடவும்போது தட்டினால், அதை மாற்ற வேண்டும். குண்டுகளை மட்டும் பார்க்கவே வேண்டாம். 22-ஐயும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே பாக்கெட்டிலிருந்து புதுக் குண்டுகள் போட வேண்டும். ஆகிற செலவு அற்பம்.

அச்சு வாங்கப் போகிறவர் பழைய அச்சைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். நீளம் சிறிது மாறினாலும் செயின் கோணலாக ஓடும்.

கப்பில்தான் ஆபத்து

கப் கூட்டுக்குள் மரை வைத்துத் திருகப்பட்டிருக்கிறது. இங்குதான் நல்ல வண்டிகள் பல பாழாகின்றன.

இங்கிலாந்து முறைச் சைக்கிள்களில் இந்தக் கப்புக்கு, ஒரு அங்குலத்துக்கு 24 மரை என்பது பொது வழக்கம். ராலே கம்பெனி மட்டும் தன் வழியில் போயிற்று. நாட்டிங்காம் நகரில் ராலே தெரு என்ற தெருவில் சிறு பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது. 1888-ம் ஆண்டில் பிராங்க் பவுடன் என்பவர் அதைப் பெரிய கம்பெனியாக்கினார். அவர்கள் வைத்த மரை, அங்குலத்துக்கு 26.

இரண்டு மரைதானே வித்தியாசம் என்று தோன்றும். அதுதான் மோசம்! 24 மரைக் கப், 26 மரைக் கூட்டுக்குள் முதல் ஓரிரண்டு சுற்று சுகமாகப் போகும். பிறகு இறுகும். "துரு பிடித்திருக்கிறது" என்று நினைத்து, ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கப் உள்ளே போய்விடும். கூடவே கூட்டின் மரையும் போய்விடும். 60, 70 வருஷம் தாங்கிய பிரேம், ஐந்து நிமிஷத்தில் கெட்டது. கப் கெட்டால் வேறு கப் வாங்கலாம். கூடு கெட்டால்?

நாட்டிங்காமில் ராலே சைக்கிள் செய்வது 2002-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய பிரேமுக்கு மாற்று பிரேம் அங்கிருந்து வராது.

வண்டியின் பெயரைப் பார்த்து மட்டும் மரையை முடிவு செய்யவும் முடியாது. பி.எஸ்.ஏ. கம்பெனியின் சைக்கிள் வியாபாரத்தை 1957-ம் ஆண்டில் ராலே வாங்கிவிட்டது. அதனால் பிற்காலத்து பி.எஸ்.ஏ. வண்டியிலும் ராலே மரை இருக்கக்கூடும். லேத் பட்டறைக்குப் போனால் மரை அளக்கும் கேஜ் வைத்திருப்பார்கள். கழற்றிய கப்பில் வைத்தால் நொடியில் தெரிந்துவிடும். கேஜ் இல்லாவிட்டால், அரை அங்குலத்துக்குள் 12 மரையா, 13 மரையா என்று எண்ணிப் பார்க்கலாம்.

கப்பைக் கழற்றுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. எல்லாத் திருகையும் போல அதை இடப்பக்கம் திருப்பினால், கழலாது, மேலும் இறுகும். கடிகார முள் போகிற திசையில் திருப்பினால்தான் கழலும். ஓடும்போது தானாகக் கழன்று வராமல் இருக்க இந்த ஏற்பாடு. (பிரெஞ்சு, இத்தாலி வண்டிகளில் பெரும்பாலும் இரு பக்கமும் சாதாரண மரைதான். அங்கே இந்த யோசனை உதவாது.)

நல்ல மெக்கானிக் இந்த வலப்பக்கக் கப்பைக் காரணமில்லாமல் தொடமாட்டார். தடம் நன்றாக இருந்தால், அதை இருந்த இடத்திலேயே துணி விட்டுத் துடைத்துவிட்டு மேல் வேலையைப் பார்ப்பார். "எல்லாம் புதுசாக மாற்றிவிட்டேன்" என்று பெருமை பேசுகிறவரைவிட, "இது நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்" என்கிறவரிடம் வண்டியை விடலாம்.

மாற்றியே தீரவேண்டும் என்றால் 26 மரைக் கப்பையே தேட வேண்டும். பழைய கடைகளில், உடைந்த ராலே வண்டிகளில் தேடினால் கிடைக்கும். கூட்டில் 24 மரை வெட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வெட்டலாம். ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அது கடைசி வழியாக இருக்கட்டும்.

சின்ன ஆப்பு, பெரிய பொறுப்பு

பெடல் கையை அச்சோடு பிடித்து வைத்திருப்பது 'காட்டர் பின்' என்ற சிறு இரும்பு ஆப்பு. விலை மிகக் குறைவு. ஆனால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது நழுவினால், கால் வழுக்கி ஆள் விழுவார். பின்னால் கேரியரில் குழந்தை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

கழற்றிய பழைய பின்னை மறுபடி போடவே கூடாது. இங்கிலாந்து வண்டிக்கு வேண்டியது ஒன்பதரை மில்லி மீட்டர் பின். கடையில் ஒன்பது மில்லி மீட்டர் பின்னும் இருக்கும். அது தொளதொளவென்று ஆடும்.

பின்னை அடிக்கும்போது, பெடல் கைக்கு அடியில் தரையிலிருந்து ஒரு கட்டையையோ குழாயையோ முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தியலின் அடி புதுக் குண்டுகள் மேல் இறங்கி, அன்றைக்கே கப்பில் பள்ளம் விழும். ஒரு பின்னின் நட்டு மேலே பார்த்தால், மற்றதன் நட்டு கீழே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் பெடல் கைகள் ஒரே கோட்டில் நிற்காது.

இடப்பக்கக் கப்பைக் கையால் திருகி, ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி, வெளி வளையத்தை இறுக்க வேண்டும். வளையத்தோடு கப்பும் சுற்றிக்கொண்டு போகும். அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்; அவனும் வேலை கற்றுக்கொள்வான்.

செயினை மாட்டுமுன் பெடலை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் சுற்றி, மெதுவாக நிற்க வேண்டும். பிறகு ஊரைச் சுற்றி ஓட்டலாம். இரண்டு மூன்று நாள் ஓட்டியதும், பின்னை மறுபடி முட்டுக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டி, நட்டை இன்னொரு தடவை முடுக்க வேண்டும். பின் அதன் இடத்தில் உட்கார அவ்வளவு நாள் ஆகும்.