எழுதியவர் போன பின் நோட்டு யாரிடம்?



நம் பந்தலூர்ப் பக்கம் சில வீடுகளில் பெரியவர் ஒருவர் குடும்ப வரலாற்றை விசாரித்து விசாரித்து எழுதி வைத்திருப்பார். அவர் காலமானதும், காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது அந்த நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன.

நமக்கு இது பெரிய இழப்பு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக டான்டீ தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் நம்மில் பல. தாத்தா எந்த ஊரிலிருந்து இலங்கை போனார், அங்கே எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு, பழைய குடும்ப அட்டையை விட்டால் இந்த நோட்டுதான் சாட்சி.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் மறைந்தார். அவர் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதனால் அவை சிதறாமல் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. நம் நோட்டைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நாமேதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நிலத்துக்கு உயில் எழுதுகிறோம். நோட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஆர்வமுள்ள பேத்தியோ மருமகனோ, யாரென்று இப்போதே சொல்லிவிடுங்கள். போட்டோவின் பின்னால் பெயரையும் ஊரையும் பென்சிலால் குறியுங்கள். தகவலைச் சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால், அதன் பூட்டைத் திறக்க ஆள் இருக்காது. இரண்டு மூன்று வீடுகளில் நகல் இருக்கட்டும். இலங்கைத் தமிழர் ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் நூலகம் நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள்.

எழுதுவது பாதி வேலை, ஒப்படைப்பதுதான் மீதி. உங்கள் வீட்டு நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?