விரைவு எங்கிருந்து வருகிறது?

நாள்தோறும் நூல் வாசிப்பவரின் வாசிப்பு விரைவு பெறும், இதில் ஐயமில்லை. ஆனால், அவ்விரைவு கண்ணின் பயிற்சியால் வருவதாகவே பலரும் எண்ணுகின்றனர். தேர்வறையில் நீண்ட உரைப்பத்தியின் முன் திகைக்கும் மாணவருக்கு, கண்களை வேகமாக ஓட்டுமாறு அறிவுரை கூறப்படுகிறது. அவ்வறிவுரை பிழையானது.

வாசிக்கும் கண் வரியின்மீது நீர்போல் ஒழுகிச் செல்வதில்லை. சிறுசிறு தாவல்களாகவே செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஏறத்தாழக் கால் நொடி நின்று எழுத்துகளைப் பற்றுகிறது. பழகாத சொல் எதிர்ப்பட்டால் அந்நிலை நீளும். சில வேளைகளில் கண் வந்த வழியே திரும்பவும் செய்யும். கண்ணை அங்கே நிறுத்தி வைப்பது, சொல்லை இன்னும் அறிந்துகொள்ளாத மனமே.

மார்க் பிரிஸ்பர்ட் என்னும் ஆய்வாளர் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்து, ஆங்கிலத்தில் கதையல்லாத நூல்களை மௌனமாக வாசிக்கும் வளர்ந்தோரின் வேகம் நிமிடத்திற்குச் சராசரி 238 சொற்கள் எனக் கணித்தார். தமிழுக்கு இவ்வெண்ணை அப்படியே பொருத்தலாகாது. ‘வரவேண்டியிருந்தவர்களுக்கும்’ என ஒரே சொல்லில் தமிழ் அடக்குவதைச் சொல்ல ஆங்கிலத்திற்குப் பல சொற்கள் வேண்டும். இத்தகைய சொல்லைத் தொடர்ந்து வாசிப்பவர் எழுத்தெழுத்தாகக் கூட்டுவதில்லை; அதன் உறுப்புகள் அவருக்கு முன்பே அறிமுகமானவை. ‘கற்றூண்’ என்பது கல், தூண் எனப் பிரிவதை அறிந்தவர் அங்கே நிற்பதில்லை. அறியாதவர் நின்றே தீரவேண்டும்.

உ.வே. சாமிநாதையரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்று, எண்ணற்ற நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். எனினும், 1880இல் கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது பல இடங்களில் பொருள் விளங்காமல் தயங்கினார். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. அவற்றையெல்லாம் படித்துப் பழகிய அவர் கண்களுக்குக் குறையேதும் இல்லை. அவரைத் தடுத்தவை சமண சமயச் செய்திகளே. அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை அணுகிக் கேட்டு அறிந்த பின்னரே நூல் தெளிவாயிற்று. 1887இல் அது அச்சேறியது.

குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. அமெரிக்காவில் எவலின் வுட் என்னும் ஆசிரியை 1959இல் தொடங்கிய விரைவு வாசிப்பு வகுப்புகள், நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சொற்களை வாசிக்கலாம் என்னும் நம்பிக்கையைப் பரப்பின. விரலைப் பக்கத்தின்மீது நகர்த்திக்கொண்டே வாசிப்பது அம்முறையின் ஒரு கூறு. கீத் ரேனரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டு ஆய்வுகளைச் சீர்தூக்கி எழுதிய, 2016இல் வெளியான கட்டுரை, வேகத்தை வலிந்து கூட்டினால் புரிதல் குறையும் என்றது. மொழித்திறன் வளர்வதே வாசிப்பு விரைவு பெற வழி என்றும் கூறியது. பக்கத்தைப் புரட்டும் வேகத்தை வாசிப்பின் வேகமாகக் கொள்வது, உண்ணாமல் இலையை மடிப்பதற்கு ஒப்பாகும்.

வகுப்பில் மெதுவாக வாசிக்கும் மாணவர்மீது மந்தமானவர் என்னும் முத்திரை எளிதில் விழுந்துவிடுகிறது. அவரிடமே கிரிக்கெட் செய்தி நிறைந்த நாளிதழ்ப் பக்கத்தைக் கொடுத்தால், விறுவிறுவென்று வாசித்து முடிப்பார். ஆட்டத்தின் நுணுக்கத்தையும் பிழையின்றிச் சொல்வார். இயற்பியல் பாடத்தில் அவர் தயங்குவது பெரும்பாலும் அச்சொற்களோடு பழக்கமின்மையால்தான். செய்யுளை வாசிக்கையில் மெதுவாகச் செல்வதோ குறையே அன்று. தேர்ந்த வாசகரும் அங்கே நடையைத் தளர்த்துவர். பாடப் பொருளில் அந்தப் பழக்கம் பல நூல்களைப் புரட்டுவதால் வரவேண்டும். அதற்கென ஒதுக்கப்பட்ட நூலகப் பாடவேளையோ, தேர்வு நெருங்கும்போது பல பள்ளிகளில் முதலில் பறிபோகிறது.